மெழுகு தொட்ட செம்பு

அச்சு முறுக்குச் சுடும் அச்சை ஒரு சாண் அகலத்துக்குப் பெரிதாக்கி, பூவிதழுக்குப் பதில் நெருக்கமான கோலம் ஒன்றை அதில் வளைத்து வைத்தால் எப்படி இருக்கும்? பத்திக் துணியில் மெழுகு பதிக்கிற செப்பு அச்சு ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. மெல்லிய செப்புத் தகட்டு நாடாக்கள் விளிம்பில் நிமிர்ந்து நிற்கும். அந்த விளிம்புதான் மெழுகைத் தொட்டுத் துணியில் கோடாக இறக்கும். பின்புறம் ஒரு சட்டம், அதில் ஒரு கைப்பிடி. இந்தோனேசியர்கள் இதைச் ‘சாப்’ என்கிறார்கள்.

மத்திய ஜாவாவின் சோலோ நகரம் மாகாணத் தலைநகர்கூட இல்லை. ஆவணங்களில் சூரகார்த்தா என்று பெயர். மக்கள்தொகை 5 லட்சத்துக்குச் சற்று மேல். நகரின் நடுவே அரண்மனை. அங்கிருந்து மேற்கே ராஜிமான் சாலை வழியாகச் சில கிலோமீட்டர் போனால் லாவெயான். ஏறக்குறைய 25 ஹெக்டேர் பரப்புள்ள பேட்டை. சாலையிலிருந்து தெற்கே திரும்பியதும் சந்துகள் குறுகி, இருபுறமும் ஆளுயரத்தைப்போல் இரண்டு மடங்கு மதில்கள் எழும்பும். மதிலுக்கு வெளியே ஒரு மரக்கதவைத் தவிர எதுவும் கண்ணில் படாது. உள்ளே முற்றம், கூடம், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், பின்கட்டில் மெழுகு அடுப்பும் சாயத் தொட்டியும். இந்த மதில்களை எழுப்பிய பணத்தில் பெரும்பங்கு அந்த ஒரு சாண் செப்பு அச்சு சம்பாதித்துக் கொடுத்தது. கலையைக் கெடுக்க வந்த குறுக்குவழி என்று ஒரு காலத்தில் பேச்சு வாங்கிய அதே அச்சு, இன்று கைவினை மரபின் சின்னமாக அதே மதில்களில் மாட்டப்பட்டிருக்கிறது. அந்த இடைப்பட்ட தூரத்தை அச்சு எப்படிக் கடந்தது என்பதுதான் லாவெயானின் வரலாறும்.

அச்சுக்கு வெகுகாலம் முன்பே ஊர் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் பாஜாங் சுல்தானகம் இப்பகுதியை ஆண்டபோது, தெற்கெல்லையில் ஓடும் கபனாரான் ஆற்றில் சரக்குப் படகுகள் வந்துபோயின. மாத்தாரம் அரச வம்சத்தின் முன்னோரான கி அகெங் ஹெனிஸின் கல்லறை இங்குள்ள பழைய மசூதியை ஒட்டி இருக்கிறது. அரண்மனை வந்ததோ பிற்பாடுதான்: பழைய தலைநகர் கார்த்தசூரா கலவரத்தில் சீரழிந்த பிறகு 1745இல் அரசர் இரண்டாம் பாக்குபுவனா சோலோவுக்கு இடம் பெயர்ந்தார். ஆகவே லாவெயான்காரர்கள் அரண்மனையின் நிழலில் வளர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை. அவர்கள் வியாபாரிகள்; பட்டமோ பதவியோ கிடையாது. அரண்மனைப் பிரபுக்கள் அவர்களைக் காசு எண்ணுகிறவர்கள் என்று இளக்காரமாகப் பார்த்தார்கள். இவர்களும் அந்தப் பார்வையைத் திருப்பிக் கொடுக்கத் தயங்கவில்லை.

அன்றைக்குப் பத்திக் என்றால் சாந்திங் கொண்டு வரைவது. சாந்திங் என்பது மூங்கில் பிடியில் பொருத்திய சின்னஞ்சிறு செப்புக் கிண்ணி. அதன் மூக்குத் துளை வழியே உருகிய மெழுகு கசிந்து கோடாகும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. ஓர் உடுதுணி முழுவதையும் இருபுறமும் இப்படி வரைந்து முடிக்க வாரங்கள் பிடிக்கும். நுண்ணிய வேலையென்றால் மாதங்கள். வரைந்தவர்கள் பெண்கள். எதை வரையலாம் என்பதிலும் கட்டுப்பாடு இருந்தது. சாய்ந்த கத்தி வரிசைபோல் ஓடும் பாராங் முதலிய சில உருக்களை அரச குடும்பத்தார் மட்டுமே அணியலாம் என்று 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சூரகார்த்தா அரசர்கள் ஆணை பிறப்பித்தார்கள்.

அச்சு பிறக்கக் காரணம் கடல் வழியே வந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஜாவா உடுத்திய வெளிநாட்டுத் துணியில் பெரும்பகுதி சோழமண்டலக் கரையிலிருந்து போனது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டியதும், பின்னர் நாகப்பட்டினத்தைப் பிடித்ததும் இந்தத் துணிகளைக் கிழக்கே கொண்டுபோய்க் கிராம்புக்கும் மிளகுக்கும் மாற்றிக்கொள்ளத்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வரத்து இற்றுப்போனது. அதன் இடத்தை இங்கிலாந்தின், பிறகு நெதர்லாந்தின் ஆலைத்துணி பிடித்தது. நெருக்கமாக நெய்த, வழவழப்பான வெள்ளைத் துணி அது. மெழுகுக் கோடு அதில் பிசிறில்லாமல் விழும். ஜாவாவின் பத்திக் தொழில் அந்த நூற்றாண்டில் பெருகியதற்கு இந்த அயல்துணி ஒரு முக்கியக் காரணம்.

துணியைக் கொடுத்த ஐரோப்பியர்கள் அத்தோடு நிற்கவில்லை. பத்திக்கையே யந்திரத்தில் அடித்து ஜாவாவில் விற்றால் என்ன என்று கணக்குப் போட்டார்கள். நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் பிரெவினேர் என்ற ஆலை முதலாளி, துணியின் இருபுறமும் குங்கிலியப் பிசின் பூசும் யந்திரத்தை 1850களில் உருவாக்கினார். பிசின் ஆங்காங்கே வெடித்து, சாயம் நூலிழைபோல் உள்ளே கசிந்தது. ஜாவாக்காரர்களின் கண்ணுக்கு அது குறை. அதே துணியை மேற்கு ஆப்பிரிக்கச் சந்தையில் இறக்கியபோது, அந்த வெடிப்புக் கோடுகளே அழகென்று வாங்கினார்கள். இன்று ஆப்பிரிக்காவின் அடையாளமாகவே அறியப்படும் மெழுகுத் துணிக்கு மூலம் ஜாவாவில் விலைபோகாத போலி பத்திக்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஜாவாக்காரர்கள் கண்ட விடை செப்பு அச்சு. சரியாக எந்த ஆண்டு, எந்த ஊர் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. மலிவான சரக்கை எதிர்கொள்ள அவர்களும் வேகத்தைத்தான் நாடினார்கள். ஆனால் மெழுகைக் கைவிடவில்லை.

அச்சு செய்வது தனித் தொழில். பத்திக் பட்டறைக்காரர்கள் அதில் கை வைப்பதில்லை. அச்சுக் கொல்லர் முதலில் உருவைத் தாளில் வரைவார். நான்கு ஓரங்களிலும் கோடு சரியாகச் சேர்ந்தால்தான் அச்சைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது சந்து தெரியாது. பிறகு விரலகலச் செப்பு நாடாவை வெட்டி, இடுக்கியால் வளைத்து, தாள் மேல் நிறுத்திப் பார்த்து, துண்டு துண்டாகப் பற்றவைப்பார். புள்ளிகள் வேண்டிய இடத்தில் செப்புக் கம்பித் துண்டுகள் நிற்கும். கடைசியில் முகத்தைத் தட்டையாக அராவ வேண்டும். ஓர் இழை உயர்ந்தாலும் அங்கே மட்டும் மெழுகு அப்பும்; தாழ்ந்தாலோ கோடு அறுந்து சாயம் உள்ளே புகும். செம்பைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. எளிதில் வளையும், சூட்டைச் சீராகக் கடத்தும், மெழுகோடு எத்தனை ஆண்டு பழகினாலும் துருப்பிடித்து உதிராது. நல்ல துணிக்கு ஒரே உருவில் இரண்டு அச்சு செய்வார்கள், ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக. துணியின் மறுபக்கத்தில் அதே கோட்டின் மேல் அச்சொட்ட விழுவதற்கு அந்த இரண்டாவது.

பட்டறையில் அடுப்பின் மேல் தட்டையான செப்புத் தட்டு. அதில் உருகிய மெழுகில் ஊறிய துணித் திண்டு. மெழுகு என்றாலும் வெறும் தேன்மெழுகு இல்லை: பாரஃபின், டாமார் குங்கிலியம், பைன் பிசின், கொழுப்பு, முந்தைய துணிகளிலிருந்து வடித்தெடுத்த பழைய மெழுகு என்று ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கலவை. தொழிலாளி அச்சைத் தட்டில் ஒற்றி, ஓர் உதறு உதறி, மெத்தை விரித்த மேசையில் கிடக்கும் துணியில் அழுத்துவார். இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் அகலம் உள்ள ஓர் உடுதுணியில், ஒரு பக்கத்துக்கு மட்டும் ஐம்பது முறையாவது அழுத்த வேண்டியிருக்கும். மெழுகு அதிகம் காய்ந்தால் கோடு பரவும். சூடு குறைந்தால் மேலே ஒட்டிக்கொண்டு பிறகு உதிரும். எது சரியான சூடு என்பதை அவர் கைதான் அறியும்.

மெழுகு முடிந்தால் துணி பாதி வழி வந்திருக்கும். சோலோ பத்திக்கின் மரபுச் சாயங்கள் இரண்டு: அவுரியின் கருநீலம், சோகாவின் பழுப்பு. முதலில் நீலத்தில் முக்கி, பழுப்பு ஏற வேண்டிய இடங்களில் மெழுகைச் சுரண்டி எடுத்து, நீலமாகவே நிற்க வேண்டிய இடங்களைப் பெண்கள் சாந்திங்கால் மீண்டும் மூடுவார்கள். ஆக, அச்சுத் துணியிலும் சாந்திங் முழுதாக விலகிவிடவில்லை. பிறகு சோகா. அலையாத்தி மரப்பட்டை ஒன்றும், நம் ஊர்ச் சாலையோரங்களில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் இயல்வாகையின் பட்டையும், தெகெரான் என்ற மரத்தின் கட்டையும் சேர்ந்த கஷாயம் அது. நிறம் ஆழமாக இறங்கத் துணியைத் திரும்பத் திரும்ப முக்கி உலர்த்த வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செயற்கைச் சாயங்கள் வந்து அந்த நாட்களையும் சுருக்கிவிட்டன. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை உருக்கியெடுத்தால், வெந்நீரின் மேல் ஆடையாக மெழுகு மிதக்கும். அடியில் துணி தன் உருவத்தைக் காட்டும்.

அச்சு வந்ததும் பட்டறையில் ஆள் மாறியது. சாந்திங் பெண்களின் கையில் இருந்தது. அச்சு ஆண்களின் கைக்குப் போனது. கனமும் சூடும் காரணம் என்று சொன்னார்கள். கூலியிலும் அந்த வேறுபாடு தெரிந்தது. அச்சுக்காரருக்குக் கிடைத்ததைவிடச் சாந்திங் பிடித்த பெண்ணுக்குக் குறைவு. ஆனால் லாவெயானில் முதலாளி பெரும்பாலும் பெண். ‘ம்போக் மாசே’ என்று அழைக்கப்பட்ட வீட்டுத் தலைவிதான் துணி வாங்குவாள், மெழுகை எடை போடுவாள், வெளியூர் வியாபாரியிடம் விலை பேசுவாள், பெட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பாள். கணவருக்கு மரியாதை உண்டு. கணக்குப் புத்தகம் அவளிடம். 20ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது, நாற்பது ஆண்டுகள் அவர்களுடைய காலம். உயர்ந்த மதில்கள், அடுத்தடுத்த உறவினர் வீடுகளை உள்ளுக்குள்ளேயே இணைத்த சிறு கதவுகள், ஐரோப்பிய பாணித் தூண்கள் எல்லாம் அந்தக் காலத்தின் சுவடு. மதில் திருடனைத் தடுத்தது. தொழில் இரகசியத்தைப் பக்கத்து வீட்டிலிருந்தும், செல்வத்தின் அளவை அரண்மனையிலிருந்தும் மறைத்தது.

அந்த மதிலுக்குள் நடந்தது எல்லாம் பெருமைப்படத் தக்கதில்லை. காலனி அரசின் தொழிலாளர் துறைக்காக டே காட் ஏஞ்செலினோ ஜாவாவின் பத்திக் தொழிலை விசாரித்து எழுதிய அறிக்கை 1930களின் தொடக்கத்தில் வெளியானது. இருட்டறைகள், நீண்ட வேலை நேரம் ஆகியவற்றோடு, முன்பணம் வாங்கிய தொழிலாளி அதை அடைக்க வழியில்லாமல் பட்டறையிலேயே கட்டுண்டு கிடந்ததையும் அது பதிவு செய்தது. அச்சு உற்பத்தியைப் பல மடங்காக்கியது. அந்த ஆதாயம் அச்சைப் பிடித்த கை வரைக்கும் வந்து சேரவில்லை. இன்று சுற்றுலா வழிகாட்டிகள் ம்போக் மாசேக்களின் வைர நகைகளைப் பற்றிச் சொல்வதில் பாதிகூட இதைப் பற்றிச் சொல்வதில்லை.

அச்சு ஈட்டிய செல்வம் அரசியலுக்குள்ளும் புகுந்தது. மூலப்பொருள் வியாபாரத்தில் சீன வணிகர்களோடு இருந்த போட்டி, வழியிலும் வீட்டிலும் துணி திருட்டு, அரசின் அலட்சியம் எல்லாம் சேர்ந்து லாவெயானின் பத்திக் வியாபாரிகளை ஒன்றுகூட வைத்தன. அவர்களில் ஒருவரான ஹாஜி சமன்ஹுதி தொடங்கியது ‘சாரேகாட் டகாங் இஸ்லாம்’ என்ற முஸ்லிம் வணிகர் சங்கம். பாடப்புத்தகங்கள் ஆண்டு 1905 என்கின்றன. 1911–12 என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஊர்க் காவலுக்காகவும் பரஸ்பர உதவிக்காகவும் இருந்த ‘ரெக்ஸோ ருமெக்ஸோ’ என்ற குழுவிலிருந்தே அது முளைத்தது என்பது தகாஷி ஷிராய்ஷி போன்றோரின் ஆய்வு. 1912இல் பெயரில் ‘வணிகர்’ உதிர்ந்து ‘சாரேகாட் இஸ்லாம்’ ஆனது. சொக்ரோஅமினோத்தோவின் தலைமையில் சில ஆண்டுகளிலேயே லட்சக்கணக்கானோர் சேர்ந்த இயக்கமாகி, டச்சு ஆட்சியை உலுக்கியது. இந்தோனேசியாவின் முதல் பெருந்திரள் இயக்கத்துக்கு வித்து போட்டவர்கள் துணிக் கட்டுக்குக் காவல் தேடிய வியாபாரிகள். 1956இல் காலமான சமன்ஹுதியைச் சுகார்னோ அரசு 1961இல் தேசிய வீரராக அறிவித்தது.

பிந்தைய கதை கூட்டுறவுச் சங்கங்களுடையது. 1935இல் சூரகார்த்தாவின் உள்ளூர்ப் பத்திக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1948இல், ஜாவாவின் பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ‘ஜி.கே.பி.ஐ.’ என்ற கூட்டமைப்பாயின. வெள்ளைத் துணியை இறக்குமதி செய்து பங்கிடும் உரிமையை 1950களில் அரசு அதனிடம் கொடுத்தது. உறுப்பினருக்குச் சந்தை விலையைவிட மலிவாகத் துணி கிடைத்தது. லாவெயான் அச்சுகள் ஓயாமல் ஓடிய காலம் அது. 1960களின் பிற்பாதியில் ஆட்சி மாறியது; சுகார்த்தோ அரசு சலுகைகளை எடுத்துவிட்டு ஆலை முதலீட்டுக்குக் கதவைத் திறந்தது.

அந்தக் கதவு வழியே வந்தது திரை அச்சு. பத்திக்கின் உருவை மட்டும் எடுத்து, மெழுகே இல்லாமல் சாயப் பசையைத் துணியில் நேராக அடிக்கும் முறை. 1970களில் அது சந்தையை நிறைத்தது. அச்சுக்காரர் நாள் முழுதும் உழைத்து முடிப்பதை அது நிமிடங்களில் தள்ளியது. விலை ஒரு சிறு பங்கு. அதே காலத்தில் ஜகார்த்தா ஆளுநர் அலி சாதிகின் நீளக்கை பத்திக் சட்டையை விழா உடையாக ஏற்றதால் தேவை பெருகிக்கொண்டுதான் இருந்தது; ஆனால் அந்தத் தேவை லாவெயான் வாசலுக்கு வரவில்லை. அரண்மனை அருகே பாசார் க்லேவெர் துணிச் சந்தையில் மலை மலையாகக் குவிந்தது பெரும்பாலும் ஆலைச் சரக்கு. நூற்றுக்கு மேற்பட்டிருந்த பட்டறைகள் ஒவ்வொன்றாக அடுப்பை அணைத்தன. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். பெரிய வீடுகளில் கிழவிகள் தனியே இருந்தார்கள். ஒரு தலைமுறை சேர்த்த அச்சுகளை அடுத்த தலைமுறை பழைய செம்பு விலைக்கு எடை போட்டது. மிஞ்சியதைப் பழம்பொருள் வியாபாரிகள் வாங்கிப்போனார்கள். வெளிநாட்டு வீடுகளின் சுவரில் அவை அலங்காரமாயின. மெழுகுக் கறை படிந்த அச்சுக்குக் கூடுதல் விலை.

திருப்பம் 2004இல். ஊரார் கூடி ஒரு வளர்ச்சி மன்றம் அமைத்து, லாவெயானைக் ‘கம்போங் பத்திக்’, அதாவது பத்திக் ஊர், என்று அறிவித்தார்கள். மரச்சாமான் வியாபாரியாயிருந்து அடுத்த ஆண்டு மேயரான ஜோகோ விதோதோவின் நகர நிர்வாகமும் துணை நின்றது. பூட்டிக்கிடந்த கூடங்கள் கடைகளாயின. முற்றங்களில் வந்தவர்களுக்கு மெழுகு போடக் கற்றுக்கொடுத்தார்கள். சாயக் கழிவு நேரே ஆற்றில் கலந்த பழைய பழக்கத்துக்கு மாற்றாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றும் வந்தது. 2009 அக்டோபர் 2 அன்று யுனெஸ்கோ இந்தோனேசிய பத்திக்கை மானுடத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது.  இந்தோனேசியாவின் தேசியத் தர விதி கோட்டைத் தெளிவாகக் கிழித்தது: சூடான மெழுகைச் சாந்திங்காலோ அச்சாலோ இட்டுச் சாயம் தோய்த்தால் பத்திக், மற்றதெல்லாம் பத்திக் உரு அடித்த துணி.

இந்த விதி அச்சுக்குப் புது வாழ்வு கொடுத்தது. சாந்திங்கால் வரைந்தது சாதாரணச் சம்பளக்காரரின் கைக்கு எட்டாது. திரை அச்சுத் துணியை விதி பத்திக்காகவே ஏற்பதில்லை. இரண்டுக்கும் நடுவே கட்டுப்படியாகிற அசல் பத்திக் அச்சுத் துணிதான். பள்ளி, வங்கி, அரசு அலுவலகச் சீருடைகளுக்கான மொத்தக் கொள்முதலில் பட்டறைகளுக்கு வேலை கிடைக்கிறது. நிறுவனத்தின் சின்னத்தை உருவுக்குள் பொதிந்து புது அச்சு செய்யச் சொல்கிறார்கள். ஆனால் புதிதாக அச்சு அடிக்கத் தெரிந்த கொல்லர்கள் சிலரே இருக்கிறார்கள். செம்பின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. தாள் அட்டையை மடித்துச் செய்த மலிவு அச்சுகளையும் சில பட்டறைகள் பிடித்திருக்கின்றன. அவை நெடுநாள் தாங்காது. செப்பு அச்சோ பேரன் கைக்கும் வரும்.

இப்போது அடுத்த பந்தயம் தொடங்கிவிட்டது. கணினி வழிநடத்த, குழாய் மூக்கிலிருந்து சூடான மெழுகைத் துணியில் வரையும் யந்திரங்களை இந்தோனேசியப் பொறியாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். மெழுகு உண்மையான மெழுகு. மூக்கும் சாந்திங்கின் மூக்குப் போன்றதே. இது பத்திக்கா இல்லையா என்று சண்டை. கையில் அச்சோடு அதை எதிர்ப்பவர்கள் சொல்லும் வாதம், நூற்றைம்பது ஆண்டுக்கு முன் சாந்திங்காரர்கள் அச்சுக்கு எதிராகச் சொல்லியிருக்கக்கூடிய வாதமேதான்.

அதனால் அந்த வாதம் பொய்யாகிவிடாது. செப்பு அச்சு கைவினையாக ஏற்கப்பட்டதற்கு வயது மட்டும் காரணமில்லை. அது வேகத்தைக் கொண்டுவந்தபோதும், சூடு பார்க்கவும் சந்து சேர்க்கவும் மெழுகை மூடவும் சுரண்டவும் மனிதக் கைகளுக்கு வேலையை மிச்சம் வைத்தது. தவறு செய்யும் உரிமையையும் விட்டுவைத்தது. திரை அச்சு அந்த வேலையையெல்லாம் ஒரேயடியாக எடுத்துக்கொண்டது, லாவெயான் வெறிச்சோடியது. புதிய யந்திரத்தை எடைபோடும்போதும் இந்த அளவுகோலே போதும்: மெழுகு இருக்கிறதா என்று கேட்பதோடு, எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, அவர்களுக்கு என்ன கூலி என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வியை லாவெயான் தன் செழித்த நாட்களில் கேட்காமல் விட்டது. இந்த முறை கேட்டால், அச்சு அந்த ஊருக்குக் கொடுத்த செல்வங்களில் அதுவே பெரிதாக இருக்கும்.